மெல்றோய்க்காக ஒரு பஸ்

கற்பிட்டி
19.01.2025

அன்புத் தங்கச்சி சுஜாந்திக்கு,

புனித அன்னம்மாளின் துணையால் நானும் உன் அண்ணி மாக்கிறட்டும் சுகமாக இருக்கிறோம். நீயும் கொழும்பில் சுகமாக இருக்கிறாய் என்று அறிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இரண்டு கிழமையாக உன் போன் வேலை செய்யவில்லை. எடுத்தால் ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதுவது புதிதல்ல. போன கிழமையும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் என் கடிதம் வந்தது. ஆட்டமிழந்த கோபத்தில் உடுப்பு மாற்றும் அறைக் கண்ணாடியை மட்டையால் அடித்து உடைத்தானே ஒரு பெரிய ஆட்டக்காரன், அவனுக்கு இரண்டு ஆட்டத் தடையாம். இரண்டு ஆட்டம்! ஆயுள் தடை போடவேண்டும் என்று எழுதினேன். விளையாட்டுக்காரனுக்கு வெள்ளை உடுப்புக் கொடுத்தது அழுக்குப் பட்டால் ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் என்றும் எழுதினேன். அதை வெட்டாமல் போட்டிருக்கிறார்கள்.

இப்போது பார்க்கிறவர்களில் நம்முடைய மெல்றோய் ஒருவன்தான் ஒழுங்கு. வலையும் தோணியும் வைத்திருக்கிற சம்மாட்டி அன்ரனிப்பிள்ளையின் மகன் என்று ஒருநாளும் தலை நிமிர்த்தி நடந்ததில்லை. விக்கெட் எடுத்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு பேசாமல் திரும்பி நடக்கிறான். உன்னைத் தன்னுடைய கொழும்புக் கிளப்பில் பிஸியோவுக்கு உதவியாளராகச் சேர்த்துவிட்டவனும் அவன்தானே. "உன்ர தங்கச்சி மாதிரிப் பாத்துக்கொள்" என்று நான் சொன்னபோது, "அதை நீங்க சொல்லவேணுமா அல்பேட் அண்ணா" என்றான். அவனைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே கரைவலை நன்றாகப் போகிறது. கரையில் நின்று வலை இழுக்கிற இரண்டு பக்கக் கயிற்றுக்காரருக்கும் கூப்பிட்டுக் குரல் கொடுக்கிற வேலை இன்னும் என்னிடம்தான். தொண்டை கட்டிப்போய்க் கொத்தமல்லித் தண்ணீரில் ஓடுகிறது. உடனே பதில் போடு.

அன்பு அண்ணன்,
அல்பேட்


கொட்டாஞ்சேனை
02.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியும் நீங்களும் சுகம் என்று அறிந்து சந்தோசம். தொண்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லியோடு கொஞ்சம் வேர்க்கொம்பும் தட்டிப் போடச்சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள்.

என் போன் என் கையில் இல்லை. கொடுத்திருக்கிறேன். எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. கொஞ்ச நாளாக நான் வேலைக்கும் போகவில்லை, லீவில் நிற்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, உடம்பு அசதி. வீட்டுக்கார இசபெல் அக்கா நல்ல மனிசி. நான் கீழே இறங்காவிட்டால் பாணும் பருப்பும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போய்விடுவா.

அண்ணா, அடுத்த மாதம் ஒருநாள் நீங்கள் கொழும்புக்கு வரவேண்டும். திகதி தெரிந்ததும் எழுதுகிறேன். ஒரு இடத்துக்கு நான் போகவேண்டியிருக்கிறது. சொந்தத்தில் ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தலாம் என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்குச் சொந்தம் என்று நீங்கள்தானே. என்ன இடம், எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். வந்ததும் நேரில் சொல்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கச்சி,
சுஜாந்தி


கற்பிட்டி
16.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் அசதி குறைந்ததா? முருங்கையிலைச் சாறு குடி. அடுத்த மாதம் வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இப்போது நான் வேறு எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

பத்திரிகை பார்த்திருப்பாய். மெல்றோய்மீது உங்கள் கிளப்பில் வேலை செய்கிற ஒரு பெண் முறைப்பாடு கொடுத்திருக்கிறாளாம். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு அறைக்குள் வைத்துத் தன்னிடம் தவறாக நடந்தான் என்று. அவளுடைய போனையும் பொலிஸ் வாங்கி வைத்திருக்கிறதாம், அதில் அவன் அனுப்பிய செய்திகள் இருக்கின்றனவாம். அவனை அணியில் இருந்து நிறுத்திவிட்டார்கள். இலங்கை அணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இது வந்திருக்கிறது. இதற்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கரையோரத்துப் பொடியன் ஒருவன் மேலே போனால் கொழும்புக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

அவளின் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாத முறைப்பாடு என்ன முறைப்பாடு? நான் பத்திரிகைக்கு எழுதினால் அல்பேட், கற்பிட்டி என்று போட்டுத்தான் எழுதுகிறேன். சொல்லுகிற கதை உண்மை என்றால் முகத்தைக் காட்டிச் சொல்லவேண்டும்.

நீ அங்கேதானே வேலை செய்கிறாய். யார் அந்தப் பெண் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. பெயரை மட்டும் எழுது. நான் வெளியே விடமாட்டேன். அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டி சோறு தண்ணி இல்லாமல் கதிரையில் குந்திக்கொண்டு இருக்கிறார். அந்த மனிசனுக்காவது ஒரு பதில் சொல்லவேண்டும்.

அண்ணன்,
அல்பேட்


கொட்டாஞ்சேனை
02.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பரவாயில்லை. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கவேண்டும் என்று கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவளும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான் என்பதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருக்கிறதாம். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை அண்ணா. இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

ஒரு கண்ணாடியை உடைத்தவனுக்கு ஆயுள் தடை கேட்டுப் பத்திரிகைக்கு எழுதியவர் நீங்கள். அந்தக் கடிதத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பெண் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

நான் சொன்ன அந்த இடத்துக்குப் போகவேண்டிய திகதி வந்துவிட்டது. மார்ச் 27, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொழும்பு ஏழில். நீங்கள் முதல்நாளே வந்து இங்கே தங்கலாம். இசபெல் அக்காவிடம் கேட்டுவிட்டேன், கீழ் அறையைத் தருகிறா. எட்டு மணிக்கு இங்கிருந்து வெளிக்கிட்டால் சரி. நீங்கள் ஒன்றும் பேசவேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

கட்டாயம் வாருங்கள்.

தங்கச்சி,
சுஜாந்தி


கற்பிட்டி
14.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம், உன் அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் கால் வீக்கம்.

நீ கண்ணாடியைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். கண்ணாடி உடைந்ததை அங்கே நின்ற எல்லோரும் கண்டார்கள். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? விளையாட்டு நடுவர்கூடச் சந்தேகம் இருந்தால் ஆட்டக்காரன் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லுவார். நீ கொழும்புக்குப் போய்க் கொஞ்சம் மாறிவிட்டாய். அந்தப் பெண் உன்னோடு வேலை செய்கிறவள் என்பதால் இரக்கப்படுகிறாய். அவளோடு அதிகம் பழகாதே. நாளைக்கு உன் பெயரையும் இழுத்துவிடுவாள்.

27ஆம் திகதியைப் பற்றி எழுதியிருந்தாய். என்ன புதினம் பார், மெல்றோய்மீது உங்கள் கிளப்பின் குழு வைக்கிற விசாரணையும் அன்றைக்குத்தான், அதே கொழும்பு ஏழில், அதே ஒன்பது மணிக்கு. இங்கிருந்து பஸ் பிடித்துப் போகிறோம். சம்மாட்டி அன்றைக்கு வலை போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். கயிற்றுக்காரர், ஊர்க் கிளப் பொடியன்கள் எல்லோரும் வருகிறார்கள். தலவில் அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு இந்த ஊரில் இருந்து இப்படிப் பஸ் போயிருக்கிறது, ஒரு மனிதனுக்காகப் போவது இதுதான் முதல் தடவை. பதாகைக்கு வசனம் எழுதிக்கொடுத்தது நான்தான்.

உன் விஷயம் வெளிநாட்டு விசாவோ நேர்முகமோ என்று நினைக்கிறேன். நீ சொல்லாமல் வைத்திருப்பதில் இருந்தே விளங்குகிறது. அதற்கு நான் எதற்கு? இசபெல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. உன் வேலை முடிந்ததும் எங்கள் பஸ் நிற்கிற இடத்துக்கு வா. சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவருகிறோம், எல்லோருமாகச் சாப்பிடலாம்.

அண்ணன்,
அல்பேட்


கொட்டாஞ்சேனை
20.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அந்த பஸ்ஸில் வராதீர்கள். 26ஆம் திகதி பின்னேரம் தனியாக வாருங்கள், நான் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நிற்கிறேன். அது முடியாவிட்டால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். தொண்டை சரியில்லை என்று சொன்னால் சம்மாட்டி ஒன்றும் சொல்லமாட்டார். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். இதற்குப் பிறகு உங்களிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

தங்கச்சி,
சுஜாந்தி


கற்பிட்டி
30.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடைசிக் கடிதம் நான் கொழும்பில் இருந்து திரும்பிய பிறகுதான் மாக்கிறட் கையில் தந்தாள். முன்பே வந்ததோ என்னவோ, வீட்டில் நான் நிற்கிற நேரம் எது? அன்றைக்கு உன்னைக் காணாதது மனதுக்குச் சரியில்லை. பஸ்ஸடியில் வெகுநேரம் பார்த்தேன். உன் பார்சலை றைவருக்குக் கொடுத்துவிட்டோம்.

நீ வந்திருக்கவேண்டும். இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. விடியமுன் வெளிக்கிட்டு எட்டரைக்கெல்லாம் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றோம். சிலாபத்தில் இருந்தும் நீர்கொழும்பில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மெல்றோய் காரில் இருந்து இறங்கியதும் சனம் கை தட்டியது. பொடியன் மெலிந்துபோனான். என்னைக் கண்டு தலையசைத்தான். என் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள் வந்தாள். ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நடந்தாள். பக்கத்தில் ஒரு வயதான மனிசி குடையைப் பிடித்து அவளை மறைத்துக்கொண்டு போனா. நான்தான் முதல் ஹூ அடித்தேன். கடலில் நிற்கிற தோணிக்குக் கேட்கிற தொண்டை அல்லவா, சனம் முழுக்க என் பின்னால் பிடித்துக்கொண்டது. "பேரைச் சொல்லிப்போட்டுப் போடி" என்று கத்தினேன். அதையும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அந்த இடத்தில் அவள் ஒரு நிமிடம் நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்த மனிசி தோளில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டா.

விசாரணை முடியவில்லை, இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள். அதற்கும் பஸ் பிடிப்போம். திரும்பி வரும்போது பொடியன்கள் என்னைப் பாட்டுப் பாடச்சொல்லி விடவில்லை. சம்மாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி இண்டைக்கு இது இல்லை அல்பேட்" என்றார்.

உன் விசா விஷயம் என்ன ஆயிற்று?

அண்ணன்,
அல்பேட்


கொட்டாஞ்சேனை
06.04.2025

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோசம்.

பெயரைக் கேட்டீர்கள். கடிதத்திலும் கேட்டீர்கள், வாசலிலும் கேட்டீர்கள். செபஸ்தியான் சுஜாந்தி. நான் பிறந்தபோது அந்தப் பெயரை வைக்கச்சொல்லி அடம்பிடித்தது நீங்கள்தான் என்று அம்மா சொல்லுவா.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எத்தனை பேர் நின்றார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த ஹூ வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் சின்ன வயதில் கரைக்கு ஓடிவருவேன், வலை வந்துவிட்டது, அண்ணன் கூப்பிடுகிறார் என்று. ஆயிரம் பேர் கத்தினாலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். நான் அங்கே நின்றது அதனால்தான்.

உள்ளே அவர்கள் கேட்ட கேள்விகளை உங்களுக்கு எழுத முடியாது. கதவை உள்ளே இருந்து பூட்டியது யார் என்று ஆறேழு விதமாகக் கேட்டார்கள். அவன் பூட்டினான். நான் சொல்லச் சொல்ல வெளியே நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள். யன்னலை மூடச்சொன்னேன். மூடியபிறகும் கேட்டது.

என் போன் பழுது என்று நான் ஒருநாளும் எழுதவில்லை, கொடுத்திருக்கிறேன் என்றுதான் எழுதினேன். அந்தப் பெண்ணின் போன் பொலிசில் இருக்கிறது என்று நீங்களே எனக்கு எழுதினீர்கள். 27 என்று திகதி எழுதினேன். ஒன்பது மணி, கொழும்பு ஏழு என்று எழுதினேன். அதே நாள், அதே நேரம், அதே இடம், என்ன புதினம் பார் என்று பதில் எழுதினீர்கள். பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து நடுவருக்கு முதல் சொல்லுகிறவர் நீங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு உண்மையாகவே தெரியாதா?

சுஜாந்தி


கற்பிட்டி
25.05.2025

அன்புத் தங்கச்சி சுஜாந்திக்கு,

அன்னம்மாளின் துணையால் ஏதோ இருக்கிறோம். உன் சுகத்துக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுகிறோம். பதில் எழுதப் பிந்திவிட்டது. பலதடவை எழுத இருந்தேன். காற்றுத் தொடங்கிவிட்டது, கடல் கொந்தளிப்பு, வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டோம். மாக்கிறட்டின் கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் கடிதத்தை அவளும் படித்தாள். அன்றையில் இருந்து சோறு போடுகிறாள், கதை இல்லை.

நீ முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். அண்ணா, அது நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பேனா? என்னையும் நீ ஒரு மனிதனாக நினைத்திருக்கவேண்டும். நான் செய்தது பெரிய பிழை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைக்கு எவ்வளவோ எழுதியவன், இதற்கு எனக்கு வசனம் வரவில்லை. மன்னித்துக்கொள் தங்கச்சி.

அவனைக் கையில் பிடித்துக் கேட்கவேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நான் நிற்பது அவன் தகப்பனின் வலையில். ஒக்டோபரில் திரும்ப வலை தொடங்கும்போது அவர் கூப்பிடாவிட்டால் இந்தக் கரையில் வேறு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? அதோடு நான் ஊரில் வாய் திறந்தால் உன் பெயர் அல்லவா வெளியில் வரும். உனக்குத்தானே கேவலம். அதை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறேன். கிளப்பில் பொடியன்கள் பிடித்து நிறுத்தி, "அல்பேட் அண்ணா, மெல்றோய்ட கேஸ் என்ன மாதிரி, அடுத்த பஸ் எப்ப" என்று கேட்டார்கள். "எனக்கு இப்ப விளையாட்டில அவ்வளவு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது விசாரணை ஜூன் 12 என்று பத்திரிகையில் கண்டேன். நீ வரச்சொல்லி எழுதினால் கட்டாயம் வருகிறேன்.

உன் அண்ணன்,
அல்பேட்


கொட்டாஞ்சேனை
29.06.2025

அண்ணாவுக்கு,

அண்ணியின் கால் சுகம் என்று அறிந்து சந்தோசம். எனக்கும் சாப்பாடு இப்போது செல்கிறது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் 12ஆம் திகதிக்கு முன்பே வந்துவிட்டது. வரச்சொல்லி எழுதினால் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஏற்கனவே மூன்று தடவை எழுதியிருந்தேன். நாலாவது தடவை எழுதக் கை வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுதவேண்டாம்.

முடிவு தெரிந்திருக்கும். வெடி கொளுத்தியிருப்பார்கள். சாட்சி போதாதாம். அவனுக்குப் புத்திமதி சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த பருவத்தில் விளையாடுவான். எனக்கு வேறு பிரிவில் வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொலிஸ் முறைப்பாடு இருக்கிறது, போனும் அங்கேதான் இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை. என் பெயர் வெளியில் வந்தால் எனக்குக் கேவலம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரை நான் அங்கே மூன்று மொழியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்கு நான் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் நாளும் இசபெல் அக்காதான் பக்கத்தில் இருந்தா. விசாரணைக் குழுவில் ஒரு அம்மா இருந்தா, தமிழ் தெரிந்தவ. எல்லாம் முடிந்து எழும்பும்போது, உங்களுக்குச் சொந்தத்தில் ஒருவரும் இல்லையா, ஏன் ஒருவரும் வரவில்லை என்று என்னிடம் கேட்டா. இரக்கத்தோடுதான் கேட்டா.

"முதல் நாள் என்ர அண்ணன் வந்தவர்" என்றேன்.

"எங்க, நாங்க காணேல்லையே?"

"வெளியில நிண்டவர்" என்றேன்.

நல்ல அண்ணன், ஊரில் இருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று சொல்லி அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டா.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சுஜாந்தி